கடல் கடக்கும் பட்டங்கள்



ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பெற்றோர் சிலர் பிள்ளையின் கடவுச்சீட்டையும் விமானச் சீட்டையும் கொண்டுவந்து மந்திரித்துத் தரக் கேட்கிறார்கள். "பையன் கனடா போறான் சாமி" என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை நாமும் பகிர்ந்துகொள்கிறோம். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பெற்றோரிடம் மகனைப் பற்றி விசாரித்தால், "நல்லா இருக்கான் சாமி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள். பொறியியல் படித்த மகன் அங்கே கிடங்கில் இரவு நேரம் பெட்டி சுமக்கிறான் என்பது பிறகே தெரிய வருகிறது. கார், பிசானம் என்று இருபோகம் விளைந்த வயல் இங்கே அடமானத்தில் கிடக்கிறது.

உழைப்பு எதுவும் இழிவானதன்று. ஆனால் நான்காண்டு படித்த படிப்பு ஏன் அங்கே செல்லாக்காசாகிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.

தாமிரபரணிக் கரை மக்களுக்குக் கடல் கடப்பது புதிதன்று. நம் முன்னோர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் உடல் உழைப்பையும் வணிகத்தையும் நம்பிப் போனார்கள். இன்றைய தலைமுறை சான்றிதழை நம்பிப் போகிறது. உழைப்பைப் பார்த்த மாத்திரத்தில் மதிப்பிடலாம். சான்றிதழை அப்படி மதிப்பிட முடியாது. யார் அதை ஏற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு.

2018ஆம் ஆண்டு குவைத்தில் நடந்ததை எண்ணிப் பார்ப்போம். பொறியாளர்கள் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க, அந்நாட்டுப் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று விதி வந்தது. இந்தியப் பட்டம் என்றால், என்.பி.ஏ. எனப்படும் தேசிய தர அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பாக அது இருக்க வேண்டும் என்றார்கள். பல ஆண்டுகள் அங்கே பணியாற்றியவர்களும் கலங்கிப் போனார்கள். 'எங்கள் கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி உண்டு, பல்கலைக்கழக இணைப்பும் உண்டு' என்று அவர்கள் சொன்னது எடுபடவில்லை. அனுமதி வேறு, தர அங்கீகாரம் வேறு. தர அங்கீகாரம் கல்லூரி முழுவதற்கும் கிடைப்பதன்று. குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைப்பது. 2014இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானபோதும், என்.பி.ஏ.யின் முதல் நிலை அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கே அதன் பயன் கிடைத்தது. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டிருக்கிறோம்?

கனடாவில் சிக்கல் வேறு விதமானது. 2015 முதல் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில் வயது, கல்வி, மொழி, அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு அந்நாட்டு அரசு ஆட்களை அழைக்கிறது. நம் பட்டம் அங்குள்ள பட்டத்துக்கு இணையானது என்று சான்றும் தருகிறார்கள். அதைக் கண்டு வேலை உறுதி என்று நம் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். ஆனால் உள்ளே விடுவது நடுவண் அரசு. பொறியாளர், செவிலியர் போன்றோருக்குத் தொழில் உரிமம் தருவது மாகாண அளவிலான அமைப்புகள். வேலை தருவது நிறுவனங்கள். முதல் கதவு திறந்ததால் அடுத்த இரண்டும் திறந்துவிடா. 'கனடாவில் வேலை செய்த அனுபவம் உண்டா?' என்பதே பலரும் சந்தித்த கேள்வி. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்?

இந்தக் கேள்வி மனித உரிமைக்கு எதிரானது என்று ஒன்ராறியோ மாகாணத்தின் மனித உரிமை ஆணையம் 2013இலேயே சுட்டிக்காட்டியது. அம்மாகாணப் பொறியாளர் உரிம அமைப்பு 2023இல்தான் இந்த நிபந்தனையை நீக்கியது. வேலை விளம்பரங்களில் கனடா அனுபவம் கேட்கக் கூடாது என்ற தடை 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. நியாயம் பிறக்க இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்து செல்லும் செவிலியர் ஆங்கிலத் தேர்விலும், கணினித் தேர்விலும், செயல்முறைத் தேர்விலும் தேற வேண்டும். அது நோயாளியின் உயிரைக் காக்கும் விதி. அதைக் குறை சொல்வதற்கில்லை. திறமையைச் சோதிப்பது நீதி. சோதிக்கவே வாய்ப்புத் தராமல் ஒதுக்குவது அநீதி.

கதவுகளும் எப்போதும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. 2025 ஜூலையில் இங்கிலாந்து, பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கா, புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தது. இப்படிக் கதவு குறுகும்போதுதான் பொய் முகவர்கள் பெருகுகிறார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டதும், அவர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்ததும் நமக்கு எச்சரிக்கை. படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, விசா கிடைக்குமா என்று கேட்பதற்கு முன், 'இந்தப் பட்டத்தை அங்கே யார் ஏற்பார்கள்? உரிமம் பெற எத்தனை காலமும் பணமும் ஆகும்?' என்று கேட்போம். முகவர் நடுவண் அரசில் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்ப்போம். 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகுவோம்.

இரண்டாவது, போன பிள்ளையிடம் உண்மை பேச இடம் கொடுப்போம். 'எப்போ பணம் அனுப்புவே? எப்போ வீடு கட்டலாம்?' என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் அவன் பொய் சொல்லப் பழகிவிடுவான். தோற்றுத் திரும்பி வந்தாலும் இது உன் வீடுதான் என்று அவனுக்குத் தெரியட்டும். ஊராரும் உறவினரும் கேலி பேசாதிருப்பது பெரிய உதவி.

மூன்றாவது, பங்குகள் விழிக்கட்டும். வெளிநாட்டில் நிலைபெற்ற நம் பங்கு மக்கள், புதிதாக வருவோருக்கு முதல் சில மாதங்கள் வழிகாட்டலாம். விடுமுறைக்கு ஊர் வரும்போது தங்கள் வெற்றியோடு பட்ட பாட்டையும் இளைஞர்களிடம் சொல்லலாம். எகிப்துக்கு ஓடிப்போன திருக்குடும்பத்தைப் புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கெல்லாம் முன்மாதிரியாகத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1952இல் எடுத்துக்காட்டினார். அந்நிய மண்ணில் யோசேப்பும் வேலை தேடியிருப்பார் அன்றோ?

இன்னொன்றும் உண்டு. நம் ஊர்களில் கட்டடம் கட்டவும் உணவகங்களில் பரிமாறவும் வட மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களின் பெயரையாவது கேட்டிருக்கிறோமா? நம் பிள்ளைக்கு அங்கே கிடைக்க வேண்டும் என்று நாம் மன்றாடும் மரியாதையை, இங்கே வந்திருக்கும் இன்னொரு தாயின் பிள்ளைக்கு நாம் தருகிறோமா?

சிந்திப்போம், செயல்படுவோம்.