யாரை அட்ஜஸ்ட் பண்ணுவது?

ஒரு பெண் தன் வாழ்நாளில் அதிகம் கேட்கும் ஆங்கில வினைச்சொல் எது என்று வகுப்பில் கேட்டால், என் மாணவிகள் யோசிக்காமல் சொல்கிறார்கள்: அட்ஜஸ்ட். பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லையா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. தம்பிக்குப் பரீட்சை, நீ கூடத்தில் உட்கார்ந்து படி, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. கட்டியவன் கை நீட்டுகிறானா, ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும், அதுவரை அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. தாழ்ப்பாள் இல்லாத கதவையும் கன்னத்தில் விழுந்த அறையையும் ஒரே எடையாக்கிவிடும் சொல் இது.

ஆங்கிலத்தில் இந்த வினைக்கு இரண்டு முக்கியப் பொருள் உண்டு. ஒன்று, ஒரு பொருளைத் தேவைக்கேற்பச் சரிசெய்வது: கடிகார முள்ளை, நாற்காலியின் உயரத்தை, மூக்குக்கண்ணாடியை. மற்றொன்று, ஒருவர் புதிய சூழலுக்குப் பழகுவது, இருட்டுக்குக் கண் பழகுவதைப்போல. முதல் பொருளில் மாறுவது நாற்காலி; இரண்டாவதில் மாறுவது ஆள். நம் வீடுகள் பெண்ணுக்கு ஒதுக்கியது இரண்டாவதை மட்டும்தான். நாற்காலி அப்படியே இருக்கும். அவள் முதுகை வளைத்துக்கொள்ள வேண்டும்.

சொல்லைப் பார்த்தால் ஆங்கிலத்தில் நியாயத்தைக் குறிக்கும் 'ஜஸ்ட்' அதற்குள் இருப்பதுபோலத் தோன்றும். வேர் அதுவல்ல. 'அருகில்' என்று பொருள்படும் 'யுக்ஸ்தா' என்ற இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து இப்படி ஆனது. பார்வைக்கு நியாயம், வேரில் இல்லை.

நான் இலக்கணம் நடத்துகிறவள். என்னை அதிகம் உறுத்துவது அதன் வாலில் ஒட்டியிருக்கும் 'கோ'. 'கொள்' என்ற துணைவினை, செயலின் பயன் செய்பவரையே சேர்கிறது என்று காட்டப் பயன்படுவது. வாங்கிக்கொள், எடுத்துக்கொள், எழுதிக்கொள். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்னும்போது வீட்டில் எல்லோருக்கும் வசதியான ஒன்றை அவளுடைய நன்மையாக்கி அவளுக்கே ஆணையிடுகிறது அந்த ஓரெழுத்து.

தமிழில் சொல் இல்லாமலா இதைக் கடன் வாங்கினோம்? பொறு, விட்டுக்கொடு, ஒத்துப்போ என்று எத்தனையோ இருந்தன. அவற்றை வைத்தும் பெண்களை அடக்கினார்கள். அவற்றுக்காக நான் ஏங்கவில்லை. ஆனால் 'பொறுத்துக்கோ' என்று சொல்கிறவர், பொறுக்க வேண்டிய பாரம் ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்கிறார். 'விட்டுக்கொடு' என்றால், கொடுக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் கொடுக்க மறுக்கவும் கூடும். அட்ஜஸ்ட்டில் பாரமும் இல்லை, கொடுக்கிறவளும் இல்லை. திருகாணியை அரைச்சுற்றுத் திருப்புவதைப்போல ஒரு சின்ன வேலை, அவ்வளவுதான்.

அதனால்தான் முன்னால் 'கொஞ்சம்' வருகிறது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு? இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அளந்து சொல்கிறது. வீட்டாருக்காகச் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்வோரில் பெண் ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம், ஆண் 88 நிமிடம். இடைவெளி 201 நிமிடம். நாள்தோறும் மூன்று மணி நேரத்துக்கும் மேல். இதற்குப் பெயர் கொஞ்சமா?

வீட்டில் பழக்கிய சொல் வேலையிடத்துக்கும் வருகிறது. மலையாளத் திரையுலகம் பற்றி நீதிபதி ஹேமா குழு 2019 இறுதியில் தந்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. அங்குள்ள பெண்களுக்கு நன்கு தெரிந்த இரண்டு சொற்கள் என்று அது குறிப்பிடுபவை: 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்'. வாய்ப்புக்கு விலையாக உடலைக் கேட்பதற்கு அங்கே அட்ஜஸ்ட்மென்ட் என்று பெயர். வற்புறுத்தலைச் சொல்ல வற்புறுத்தலின் வாடையே இல்லாத ஒரு சொல். சிறுவயதிலிருந்து அதற்குத் தலையாட்டக் கற்றவளிடம்தான் அதைத் துணிந்து கேட்கிறார்கள்.

அட்ஜஸ்ட் பண்ணாமல் யாரால் வாழ முடியும் என்பார்கள். முடியாதுதான். பேருந்தில் இருவர் இருக்கையில் மூன்றாவதாக ஒருவர் உட்கார, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்று கேட்கிறோம். இருவரும் நகர்கிறார்கள். வந்தவரும் ஓரத்தில் ஒடுங்கித்தான் உட்காருகிறார். இறங்குமிடம் வந்ததும் இடம் திரும்பக் கிடைத்துவிடுகிறது. அதை நான் எதிர்க்கவில்லை. எல்லோரும் காலை அகட்டி உட்கார்ந்திருக்க, ஒருத்தி மட்டும் எழுந்து ஆயுள் முழுக்க நின்றுகொண்டு வருவதற்கும் அதே சொல்லைப் பயன்படுத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஆகவே தோழி, அடுத்த முறை அந்தச் சொல் உன்னிடம் வரும்போது அதன் இலக்கணத்தைக் கேள். எதை? எவ்வளவு? எத்தனை நாளைக்கு? சொல்கிற நீங்கள் எவ்வளவு நகர்கிறீர்கள்? பதில் வராவிட்டால் நீ நகர வேண்டியதில்லை. நாற்காலியை அட்ஜஸ்ட் பண்ணட்டும்.