பழைய ஜீப்பும் பழகிய கைகளும்

புலம்பெயர்ந்து வாழும் நண்பர்கள் சிலரிடமிருந்து வரும் மின்னஞ்சல்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய கேள்வி தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றது. முன்பெல்லாம் காணி உறுதி, கோயில் திருவிழா, ஊர்ப் பாடசாலைக் கட்டடம் என்றுதான் கேட்பார்கள். இப்போது, "ஊர்ப்பக்கம் பழைய லாண்ட் றோவர் ஒன்று கிடைக்குமா? திருத்தி எடுத்து, விடுமுறையில் வரும்போது வன்னிப் பாதைகளில் ஓடித் திரியவேண்டும். சிறு வயதுக் கனவு" என்று எழுதுகின்றார்கள். எழுதுபவர்கள் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்கள். வீட்டுக்கடன் முடிந்து, பிள்ளைகளும் தம் வழியில் போய்விட்ட பிறகு, இனித் தமக்காக ஒன்றைச் செய்துபார்க்கலாம் என்று நினைப்பவர்கள்.

இந்த ஆசையைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. மனிதனுக்குத் தன் கையால் அல்லது தன் கண்முன்னால் ஒன்றை உருவாக்கிப் பார்க்கும் ஆசை இயல்பானது. ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வி முழுமையானதல்ல என்று மட்டும் சொல்வேன். வாகனம் தேடினால் கிடைக்கும். உதிரிப் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வரும். அதைத் திருத்தப் போகும் கைகள் யாருடையவை, அந்தக் கைகள் இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு நம்மிடம் இருக்கப்போகின்றன என்ற கேள்வியை ஒருவரும் எழுப்பியதாக எனக்கு நினைவில்லை.

ஜீப்பின் கதையே தேவையிலிருந்து பிறந்த கதைதான். 1940 இல் அமெரிக்க இராணுவம் இலேசான நான்கு சில்லு இயக்க வாகனம் ஒன்றைக் கேட்டபோது, முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது பான்ரம் என்ற சிறிய நிறுவனம். பெரும் எண்ணிக்கையில் உற்பத்தி செய்யும் வாய்ப்பு வில்லிஸ், போர்ட் நிறுவனங்களுக்குப் போனது. 1945 இல் போர் முடிவதற்குள் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டுவிட்டன. றோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளரான மொறிஸ் வில்க்ஸ் போருக்குப் பின் வேல்ஸில் இருந்த தமது பண்ணையில் அத்தகைய பழைய ஜீப் ஒன்றைத்தான் வைத்திருந்தார். அது பழுதடைந்தால் வேறெதை வாங்குவது என்ற சிந்தனையே 1947 இல் லாண்ட் றோவராக உருவெடுத்தது. 1948 ஏப்ரல் 30 ஆம் திகதி அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அது உலகுக்குக் காட்டப்பட்டது. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு இருந்தமையால் உடலை அலுமினியக் கலப்புத் தகட்டால் செய்தார்கள். அந்த வரிசையின் கடைசி வாகனம் 2016 ஜனவரி 29 ஆம் திகதி சொலிகல் தொழிற்சாலையிலிருந்து வெளியேறியது. ஏறத்தாழ 68 ஆண்டுகளில் 20 இலட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள்.

நமது மண்ணில் இந்த வாகனத்துக்கு வேறொரு முகமும் உண்டு. மலையகத்தில் அது 'துரையின் ஜீப்'. அந்தச் சத்தம் கேட்டால் கொழுந்து பறிப்பவர்களின் பேச்சு நின்றுவிடும். வடக்கிலும் கிழக்கிலும் அது இராணுவத்தின் ஜீப். இரவில் ஒழுங்கைக்குள் ஜீப்பின் உறுமல் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் எத்தனை! அதே ஜீப்பை இன்று தனது முற்றத்தில் நிறுத்திப் பார்க்க ஒருவர் விரும்புகின்றார் என்றால், அதில் வெறும் விளையாட்டுப் புத்தி மட்டும் இருப்பதாக நான் கருதவில்லை. ஒரு காலத்தில் நம்மை நோக்கி வந்த வாகனத்தின் திசைதிருப்பியைத் தன் கையில் பிடித்துப் பார்க்கும் ஆசையும் அதில் கலந்திருக்கக்கூடும்.

சரி, வாகனத்துக்கு வருவோம். பழைய லாண்ட் றோவரை வாங்குபவர் முதலில் ஏமாறும் இடம் அதன் உடல். அலுமினியம் கறள் பிடிக்காது. எனவே வெளியிலிருந்து பார்த்தால் அறுபது ஆண்டு வாகனமும் திடகாத்திரமாகவே தோன்றும். அடியில் இருக்கும் செசி உருக்கு. பெட்டி வடிவில் தகடுகளை ஒட்டிச் செய்யப்பட்ட அந்தச் செசி உள்ளிருந்து வெளியே அரிபடும். பின்பக்கக் குறுக்குச் சட்டம், கால் வைக்கும் பள்ளத்தின் தகடு என்பவைதான் முதலில் போகும். அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொடும் இடத்தில், உப்புக்காற்றின் ஈரம் சேர்ந்தால், அலுமினியமும் வெண்தூளாக உதிரத் தொடங்கும். கடற்காற்று வீசும் குடாநாட்டில் இதைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

ஆனால் கனவு காண்பவர்கள் செலவைத் தொடங்கும் இடம் எது? நிறப்பூச்சு, அகன்ற ரயர், முன்னால் ஒரு பெரிய விளக்கு வரிசை. அடுத்து எஞ்சின். பழைய 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்துவது இலங்கையில் நெடுங்காலமாக நடக்கும் வேலை. எரிபொருள் மிச்சம், உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும் என்ற நியாயம் அதற்கு உண்டு. வன்னியில் எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவரிடம் இதுபற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "தம்பி, எஞ்சினைப் பற்றிப் பிறகு கதைப்பம். முதல்ல நிப்பாட்ட வழி பாக்கவேணும். பிறகுதான் ஓட்டம்."

அவர் சொன்னதில் ஒரு முழுப் பாடமே இருக்கின்றது. அந்தப் பழைய வாகனத்தில் நான்கு சில்லுகளுக்கும் டிரம் பிரேக். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கும் இல்லை. சுமார் 70 குதிரைவலுவுக்காகச் செய்யப்பட்ட அமைப்பு அது. வலுக்கூடிய எஞ்சினைப் பூட்டினால் பிரேக்கை மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் இறக்கத்தில் விபத்து. இழுவை கூடினால், ஏற்கெனவே பலவீனத்துக்குப் பெயர்போன பின் அக்ஸில் தண்டு முறியும். ரயர் பெருத்தால் கியர் விகிதம் குழம்பும், திசைதிருப்பி கனக்கும், வேகமானி பொய் சொல்லும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று எழுந்து நிற்கும். செசிக்கு ஒட்டு வேலை செய்வதென்றாலும், முன் ஆசனத்தின் கீழே எரிபொருள் தாங்கி இருப்பதை அறிந்து அதை முதலில் கழற்றி வைப்பவன்தான் உயிரோடு வீடு திரும்புவான். இந்த ஒழுங்குமுறை எல்லாம் எங்கே எழுதப்பட்டிருக்கின்றது? ஆங்கிலத்தில் தொழிற்சாலைக் கைநூல் உண்டு. நம் நிலத்துக்கும், நம் உப்புக்காற்றுக்கும், நம் கடைகளில் கிடைக்கும் பாகங்களுக்கும் ஏற்ற அறிவு அந்த முதியவர்களின் தலைக்குள் மாத்திரமே இருக்கின்றது.

அந்த அறிவு எப்படி வந்தது என்பதை நம்மவர்கள் மறந்துவிடக் கூடாது. 1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள்தான் இதைத் தாங்கின. புதிய எஞ்சின்கள் தட்டத் தொடங்கின. எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும் என்பதால் எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது. எண்ணெய்க்கும் தட்டுப்பாடு! கடைச்சல் பட்டறையில் பழைய இரும்பைக் கடைந்து பாகம் செய்தார்கள். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றதும், பிணங்களை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இப்படி ஓடிய வாகனங்கள்தாம். எந்தப் பல்கலைக்கழகமும் இதற்குப் பட்டம் கொடுக்கவில்லை.

போரில் இறந்தவர்களைப் பற்றி எழுதினோம், இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி எழுதினோம். எழுதவேண்டியதே. ஆனால் அந்த ஆண்டுகளில் ஒரு சமூகத்தை ஓட வைத்த மெக்கானிக்குகளின் வேலைமுறையைப் பதிவு செய்தவர்கள் மிகக் குறைவு. அன்று முப்பது வயதில் இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். அவரது கராஜில் பழகிய பையன்களுள் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். இன்றைய இளைஞர் கணினியைப் பொருத்திப் பழுதைக் கண்டறியும் வித்தையைக் கற்கின்றார். காலத்துக்கு அது தேவைதான். ஆனால் எஞ்சினின் ஓசையைக் கேட்டே எந்த வால்வு என்று சொல்லும் காதும், பாகம் கிடைக்காதபோது பாகத்தைச் செய்துகொள்ளும் துணிவும் அந்தக் கணினியில் இல்லை.

"பஞ்சம் பட்ட நாட்டில் பழைய ஜீப்புக்கு இலட்சக்கணக்கில் கொட்டுவது ஆடம்பரம் இல்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அயல் வீட்டில் பிள்ளை பட்டினியோடு பாடசாலை செல்லும்போது, மதிலுக்கு இந்தப் பக்கம் பளபளக்கும் பொம்மை நிற்பது அழகல்ல. இன்னொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022 இல் நாடு கடனைக் கட்டமுடியாமல் கைவிரித்தது. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அந்த ஐந்து ஆண்டுகளும் இந்த நாட்டின் போக்குவரத்தைத் தாங்கியவர்கள் பழையதைத் திருத்தியவர்களே. திருத்தும் கலை ஏழை நாட்டின் காப்புறுதி. அதை உயிரோடு வைத்திருக்கும் செலவை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். பொம்மையா, பள்ளிக்கூடமா என்பது அந்த வாகனத்தைச் சுற்றி என்ன நடக்கின்றது என்பதைப் பொறுத்தது.

டார்ஜிலிங் மலைப்பகுதியில் மானேபஞ்சாங் என்ற சிற்றூரிலிருந்து சந்தக்பூ உச்சிக்கு 1950களின் லாண்ட் றோவர்கள் பல பத்தாண்டுகளாகப் பயணிகளை ஏற்றி வந்திருக்கின்றன. உச்சியின் உயரம் 3,600 மீற்றருக்கு மேல். பழைய எஞ்சின்கள் போய் இந்திய டீசல் எஞ்சின்கள் ஏறியிருக்கலாம். தூய்மைவாதிகள் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த ஊரில் சாரதியே மெக்கானிக். அப்பனிடமிருந்து மகனுக்கு வாகனத்தோடு வித்தையும் கைமாறியது. காட்சிக்கூடத்தில் கண்ணாடிக்குள் நிற்கும் வாகனத்தை விட அந்த வாகனங்களே எனக்கு முழுமையாகத் தெரிகின்றன.

ஆவணங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு மூன்று வாகனங்களை வெட்டி ஒட்டி, ஒன்றின் புத்தகத்தில் இன்னொன்றை ஓட்டுவது நம் நாட்டில் புதிதல்ல. செசி இலக்கத்தில் கைவைத்த வாகனத்தை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். எஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியுங்கள். இலக்கத் தகட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கின்றது. 1957 இல் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து புகுத்தப்பட்டபோது தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. 1958 இல் அது மீண்டும் வெடித்து, தெற்கில் தமிழ் எழுத்துக்கள் மீது தார் பூசுவது வரை போனது. அந்த எழுத்தோடு இன்றும் ஓடும் ஒரு பழைய வாகனம் நம் அரசியலின் ஒரு பக்கத்தையே சுமந்து செல்கின்றது. அதை மினுக்கி மறைத்துவிடாமல், பிள்ளைகளுக்குக் காட்டி விளக்குங்கள்.

கனவு காணும் நண்பர்களுக்கு எனது வேண்டுகோள் மூன்றுதான். முதலாவது, வேலையை நன்கு தெரிந்த முதிய மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவர் கேட்கும் நாட்கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். இங்கிலாந்திலிருந்து ஒரு கியர்ப் பெட்டியை வரவழைக்கக் கேட்ட விலையைக் கொடுப்பவர், அதைப் பூட்டுபவரிடம் ஐந்நூறு ரூபாவுக்கு வாதாடுவது கேவலம். இரண்டாவது, வேலை முடியும்வரை அவருக்குப் பக்கத்தில் ஊர்ப் பையன் ஒருவனை, அல்லது ஆர்வமுள்ள பெண்பிள்ளை ஒருத்தியை, நிறுத்துங்கள். அவர்களுக்கும் சம்பளம் உங்கள் செலவிலேயே இருக்கட்டும். வர்ணத்துக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதி அதற்குப் போதும். மூன்றாவது, ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்துத் தமிழில் எழுதி வையுங்கள். எந்த ஆணியை எப்படிக் கழற்றினார், எந்தப் பாகத்துக்குப் பதிலாக எதைப் போட்டார், ஏன் போட்டார் என்று அவர் வாயால் சொல்வதை அப்படியே பதியுங்கள்.

செசியில் தொடங்குங்கள், பிரேக்கைப் பாருங்கள், எஞ்சின் பிறகு, நிறப்பூச்சு கடைசி. ஓரிரு ஆண்டுகள் எடுக்கலாம். எடுக்கட்டும். அந்த ஜீப் என்றோ ஒரு நாள் மீண்டும் கறள் பிடித்து நிற்கும். அது இரும்பின் விதி. அன்று அதைத் திருத்தத் தெரிந்த ஒருவர் அந்த ஊரில் இருப்பார் என்றால், நீங்கள் செலவழித்த பணம் வீணாகவில்லை என்று நம்பலாம்.