கல்லை எடுக்கும் முன் இடத்தை எழுதுவோம்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்ன் என்றொரு சிற்றூர். 1797-ல் அங்கே செங்கல்லுக்குக் களிமண் எடுத்த குழியிலிருந்து, இருபுறமும் செதுக்கிக் கூராக்கிய சிக்கிமுக்கிக் கற்கள் வந்துகொண்டிருந்தன. தோண்டியவர்களுக்கு அவை வெறும் கல். கூடை கூடையாக அள்ளிப் பக்கத்துச் சாலையின் வண்டித்தடப் பள்ளங்களில் கொட்டினார்கள். ஜான் ஃப்ரியர் என்பவர் அவற்றில் சிலவற்றை லண்டன் தொல்பொருள் சங்கத்துக்கு அனுப்பி, கூடவே ஒரு கடிதமும் எழுதினார். மேலே ஒன்றரை அடி மண். அதன்கீழ் ஏழரை அடி களி. பிறகு ஓர் அடிக்குச் சிப்பி கலந்த மணல். அதற்கும் கீழே சரளை. கற்கள் வந்தது அந்தச் சரளையிலிருந்து, ஏறத்தாழ 12 அடி ஆழத்தில்.

1800-ல் அச்சான அந்தக் கடிதத்தை அறுபது ஆண்டுக் காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. 1859-ல் பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கற்கருவிகளைப் பார்த்துத் திரும்பிய ஜோசப் பிரெஸ்ட்விச்சும் ஜான் எவன்ஸும் ஃப்ரியரின் கற்களைத் தேடிப் பிடித்து, அதே குழிக்கே போய் அடுக்குகளைச் சரிபார்த்தார்கள். மனிதனின் பழமை சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அடங்காது என்ற வாதத்துக்கு ஹாக்ஸ்னும் ஒரு சாட்சியானது. சாலையில் கொட்டிய கூடைகளில் இருந்தவையும் இதே கற்கள்தான். ஆனால் அவற்றுக்குக் கடிதம் இல்லை.

பிரெஸ்ட்விச்சின் ஆய்வு மதராஸில் ஒருவரைத் தேட வைத்தது. இந்திய நிலப்பொதியியல் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரம் ராணுவ அணிவகுப்புத் திடலுக்குப் பக்கத்தில், சரளைக்காகத் தோண்டிய குழியில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலை ஆற்றுப் பகுதிக்குப் போனபோது அதிரம்பாக்கம் கிடைத்தது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வு தொடங்கிய இடமும் ஒரு சரளைக் குழிதான் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. ஏனென்றால் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் வீட்டு மனைக்கும் சாலைக்கும் லாரி லாரியாகக் கிராவல் அடிக்கிறோம். செம்மண்ணும் சரளையும் கலந்த அந்தப் படிவுகளைப் போன்றவற்றில்தான் கைக்கோடரிகள் கிடக்கின்றன. ஹாக்ஸ்ன் தொழிலாளர்கள் கூடையில் செய்ததை நாம் டிப்பரில் செய்கிறோம்.

கிராவல் எடுப்பதையே நிறுத்து என்று இங்கே யாரும் கேட்கவில்லை. வீடு வேண்டும், சாலை வேண்டும். கல்லைக் காப்பாற்றுவதைவிட அது கிடந்த இடத்தைப் பற்றிய தகவலைக் காப்பாற்றுவது எளிது, செலவும் குறைவு. இடம் தெரியாத கற்கருவி, சர்வே எண் இல்லாத பத்திரம் மாதிரி: பார்க்க அழகாக இருக்கும், எதையும் நிரூபிக்காது. அந்த எளிய வேலையைக்கூட ஒரு துறை தனியாகச் செய்து முடிக்க இயலாது. கல் கிடைப்பது அதிகாரியின் கையில் இல்லை. ஜேசிபி ஓட்டுநர், ஆடு மேய்ப்பவர், கிணறு வெட்டுபவர், பள்ளி மாணவர் ஆகியோரின் கண்ணில்தான் அது முதலில் படுகிறது.

இடத் தகவல் என்ன செய்யும் என்பதற்கு அதிரம்பாக்கத்தையே பார்க்கலாம். சர்மா மரபுக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே பல ஆண்டுகள் அகழாய்வு செய்தார்கள். 2011-ல் சயின்ஸ் இதழில் வெளியான அவர்களது கட்டுரை, அங்கிருந்த கைக்கோடரிகள் குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகள் பழமையானவை, சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள் இருக்கலாம் என்று காட்டியது. 2018-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை, செதில் சார்ந்த இடைப் பழைய கற்காலக் கருவி நுட்பம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு தோன்றிவிட்டது என்றது. மண்ணுக்கடியில் புதைந்த கல்லில் உள்ள அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் கதிரியக்க வடிவங்கள் எவ்வளவு சிதைந்துள்ளன, மணல் துகள்கள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தன என்பவற்றை அளந்து இந்தக் காலங்களைக் கணித்தார்கள். எந்தக் கல் எந்த அடுக்கில் கிடந்தது என்று பதிவு இல்லாவிட்டால் இந்த அளவீடுகள் எதற்கும் பொருள் இருக்காது. அதே கைக்கோடரியை ஒருவர் எடுத்துவந்து வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தால், 15 லட்சம் ஆண்டு என்ற எண் அதற்கு என்றைக்கும் ஒட்டாது.

சரி, எது கருவி, எது வெறும் கல்? பலரும் தயங்கி நிற்பது இங்கேதான். ஐரோப்பாவில் சிக்கிமுக்கிக் கல்லில் செய்ததை வடதமிழகத்தில் குவார்ட்சைட் கூழாங்கற்களில் செய்தார்கள். அல்லிக்குழி மலைப் பகுதியில் அவை தாராளமாகக் கிடைத்தன. தூத்துக்குடி, திருநெல்வேலி தேரிக்காடுகளில் கிடைக்கும் நுண்கற்கருவிகள் செர்ட் கல்லிலும், நம்மூரில் வெங்கச்சங்கல் என்று சொல்லும் வெள்ளைக் குவார்ட்ஸிலும் ஆனவை. கல் எதுவானாலும் உடைக்கும் முறை ஒன்றுதான். விளிம்புக்கு அருகே மற்றொரு கல்லால் ஓங்கித் தட்டினால் ஒரு செதில் பெயரும். அதில் தட்டிய இடம் சிறு தளமாக நிற்கும். அதற்குச் சற்றுக் கீழே லேசான புடைப்பு இருக்கும். அங்கிருந்து வளைந்த அலைவரிகள் பரவும். செதில் பெயர்ந்த தாய்க்கல்லில் இதற்கு எதிரான குழிவு விழும். கைக்கோடரியில் இத்தகைய குழிவுகள் இரண்டு முகத்திலும், விளிம்பைச் சுற்றி வரிசையாக, ஒரு நோக்கத்தோடு அமைந்திருக்கும். ஆற்றில் உருண்ட கல்லிலும் உடைவுகள் உண்டு. ஆனால் அவை திசையில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும்.

புடைப்பு இருந்தாலே பழைய கருவி என்றும் சொல்லிவிட முடியாது. ஜல்லி உடைக்கும் இயந்திரமும் புடைப்புள்ள செதில்களைத் தள்ளும். அவற்றின் முகம் புதிதாக, பளிச்சென்று இருக்கும். நெடுங்காலம் மண்ணில் கிடந்த உடைவின் மேல் நிறம் மாறிய தோல் ஒன்று படிந்திருக்கும். செம்மண் சரளையில் கிடந்தது பழுப்பேறியிருக்கும். ஒற்றைச் செதிலை வைத்துக்கொண்டு வல்லுநர்களே ஒத்துப்போகாத சந்தர்ப்பங்கள் உண்டு. பத்துச் செதில்கள், இரண்டு தாய்க்கற்கள், பாதி முடிந்த ஒரு கருவி என ஒரே இடத்தில் கிடந்தால் சந்தேகம் வெகுவாகக் குறையும். அங்கே உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். அதனால்தான் அழகான கைக்கோடரியை மட்டும் பொறுக்கிக்கொண்டு கழிவுச் செதில்களை விட்டுவருவது பாதி ஆவணத்தைக் கிழிப்பதாகிறது. (கல்லில் யானை முகம் தெரிகிறது, பறவை தெரிகிறது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: படம் எடுங்கள், இடத்தை எழுதுங்கள்; யானையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.)

பதிவு செய்வது பெரிய வித்தை கிடையாது. கல்லைத் தொடுவதற்கு முன்பே, கிடந்த நிலையில் ஒரு படம், பக்கத்தில் அளவுகோல் வைத்து. கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை. ஊர்ப் பெயர், தெரிந்தால் சர்வே எண். தரையில் கிடந்ததா, குழியின் சுவரில் பதிந்திருந்ததா. சுவரில் என்றால் மேலிருந்து எத்தனை அடி, என்ன மண். சுற்றிலும் வேறு எத்தனை கிடந்தன. தேதி, கண்டவர் பெயர். சுவரில் பதிந்திருப்பதைப் பிடுங்கவே கூடாது. எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் ஒவ்வொன்றையும் தனிப்பையில் போட்டு, விவரச்சீட்டை உள்ளே வைத்தால் போதும். கல்லைத் தேய்த்துக் கழுவவும் எண்ணெய் பூசவும் வேண்டாம். தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கங்களில் வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளை மரத்தடியிலும் பிள்ளையார் கோயிலிலும் வைத்துக் கும்பிடுகிறார்கள். அவற்றைப் பெயர்த்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவருவது பதிவாகாது. ஊராரிடம் கேட்டுப் படம் எடுத்து, எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று பெரியவர்களிடம் விசாரித்து எழுதினால் கல்லும் சாமியும் அங்கேயே இருக்கலாம்.

இதில் கருத்து வேறுபாடு உள்ள தரப்புகள் பல. ஒவ்வொன்றின் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நில உடைமையாளரின் அச்சம் முதலாவது. தொல்லியல் என்றாலே நிலம் முடங்கிவிடும் என்று நினைக்கிறார். மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்று 2010-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இந்த அச்சம் கூடியிருக்கிறது. ஆனால் ஒரு வயலில் கல் கிடைத்தது என்று தெரிவித்த மாத்திரத்தில் அந்த வயல் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிடாது. அதற்கு அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டு, ஆட்சேபணைக்கு இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். இதை எளிய தமிழில் ஒரு துண்டறிக்கையாக அச்சிட்டு ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டுவது அரசின் கடமை. பயந்தவர் தகவல் தரமாட்டார், கல்லைப் புதைத்துவிடுவார்.

அடுத்து ஆர்வலர்கள். தொல்லியல் துறைக்கு எழுதினால் பதில் வருவதில்லை, வந்தால் கண்டுபிடிப்பு வேறொருவர் பெயரில் வருகிறது என்பது அவர்களது மனக்குறை. துறையினரோ, ஆர்வலர்கள் அள்ளிக் குவித்துவிட்டுச் செய்தித்தாளுக்குப் படம் கொடுத்த பிறகே தங்களிடம் வருகிறார்கள் என்கிறார்கள். இரண்டும் நடக்கின்றன. பதிவேட்டில் கண்டவர் பெயர் நிரந்தரமாக நிற்கும் என்ற உறுதியும், முதலில் பதிவு, பிறகே செய்தி என்ற ஒழுங்கும் சேர்ந்து வந்தால்தான் இந்தப் பிணக்கு தீரும். ஏற்கெனவே வீட்டில் கற்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களைக் குற்றவாளிகளாக்கிப் பயனில்லை. ஊரும் ஓடையும் நினைவிருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவிட வேண்டும். விற்பனைக்கு மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை: 1972-ன் தொல்பொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் தொல்பொருள் வணிகம் செய்யக்கூடாது, தனியார் ஏற்றுமதிக்கும் வழியில்லை.

சட்டத்தை மட்டும் நம்பினால் போதுமா என்றால், போதாது. 1878-ன் புதையல் சட்டம், மண்ணில் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அது பொற்காசையும் சிலையையும் மனத்தில் வைத்து எழுதிய சட்டம். கைக்கோடரிக்கு யார் விலை போடுவது?

இங்கிலாந்தும் வேல்ஸும் 1997 முதல் வேறொரு வழியைப் பின்பற்றுகின்றன. பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களை அவர்களே விரும்பிவந்து பதியும் திட்டம் அது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்துகிறது. அந்தந்த வட்டாரத்தில் இதற்கென்று அலுவலர்கள் இருக்கிறார்கள். பொருளைப் பார்த்து, அளந்து, படமெடுத்து, பெரும்பாலும் கண்டவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத சாதாரணச் சிக்கிமுக்கிச் செதில்களும் அந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. திருடர்கள் தோண்டிவிடாதபடி, பொதுமக்கள் பார்வைக்கு இடத்தைத் துல்லியமாகக் காட்டுவதில்லை. நார்ஃபோக் கடற்கரையில் ஹேஸ்பரோ என்ற ஊரில் 2000-ல் உள்ளூர்க்காரர் ஒருவர் நடக்கப் போனபோது ஒரு கைக்கோடரியைக் கண்டு தெரிவித்தார். அதைத் தொடர்ந்து அந்தக் கடற்கரையில் நடந்த ஆய்வுகள், வட ஐரோப்பாவில் 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்ததைக் காட்டின. அவர்கள் முறையை அப்படியே பெயர்த்து நடுவது நமக்குப் பொருந்தாது. அங்கே நிலமும் சட்டமும் வேறு. தெரிவிப்பவரை மரியாதையாக நடத்துவதை மட்டும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

நம்மிடமும் அடித்தளம் இல்லாமல் இல்லை. ஃபூட் சேகரித்தவற்றை 1904-ல் வாங்கிய எழும்பூர் அருங்காட்சியகம், இடப்பெயர்களோடு அவற்றுக்கு விரிவான அட்டவணை வெளியிட்டது. தேரிக்காட்டு நுண்கருவிகளைப் பற்றி 1956-ல் சாய்னரும் ஆல்ச்சினும் எழுதிய கட்டுரையில் சாயர்புரம், மெஞ்ஞானபுரம் என ஊர் ஊராகத் தகவல் இருக்கிறது. பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அரசுப் பள்ளிகள் சிலவற்றில் தொன்மை மன்றங்கள் நன்றாகவே இயங்குகின்றன. கீழடிக்குக் கூட்டம் கூட்டமாகப் போன மக்கள் அதைவிடப் பல நூறு மடங்கு பழைய அதிரம்பாக்கத்தை ஏன் பேசுவதில்லை என்று ஆதங்கப்படுவதில் பொருளில்லை. கைக்கோடரி எந்த மொழியும் பேசவில்லை, யாருடைய பெருமைக்கும் உடனே உதவாது.

தொடங்குவதற்குத் திருவள்ளூர் மாவட்டம் ஒன்று போதும். பூண்டியில் கல் தெரிந்த ஒருவர், ஒரு தொலைபேசி எண், ஒரு பதிவேடு. வரும் தகவலுக்கு ஒரு மாதத்துக்குள் பதில். சவுடு, கிராவல் எடுக்க அனுமதி வழங்கும் ஆணையில், செதுக்கிய கற்கள் தென்பட்டால் அந்த எண்ணுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அதற்காக வேலையை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பதையும் அதிலேயே வரையறுத்துவிட்டால் குத்தகைதாரர் பயப்படமாட்டார். கிராம நிர்வாக அலுவலருக்கும் லாரி ஓட்டுநருக்கும் அரை நாள் பயிற்சி, உண்மையான கற்களைக் கையில் கொடுத்து. வடகிழக்குப் பருவமழை ஓடைக்கரைகளைப் புதிதாக அரித்துவிட்டுப் போன பிறகு, தை மாதத்தில் பள்ளி மன்றங்கள் தங்கள் ஊர் ஓடையை ஒருமுறை நடந்து பார்த்துவரலாம். அந்த ஒருவரின் சம்பளத்துக்கு எங்கே போவது என்று நிதித்துறை கேட்டால், அரசு வசூலிக்கும் கிராவல் சீனியரேஜ் கட்டணத்திலிருந்தே எடுக்கலாம்.