காட்ஸில்லாவுக்குள் யார்?

பல்கலைக்கழகம் வரை வந்த பிள்ளைகள் பேசும் பேச்சா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். எங்கள் தோட்டத்து இளைஞர்கள் நான்கு பேர் கூடினால் இரண்டு விவாதங்கள் நிச்சயம். ஒன்று, பந்து. மற்றொன்று, காட்ஸில்லா.

பத்துமலை முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். 1954இல் வெளிவந்த முதல் படத்தின் காட்ஸில்லா 50 மீட்டர். ஏழு மீட்டர் வித்தியாசம் ஒரு பொருட்டா, கையில் வேல் இருக்கிறதே என்பது ஒரு கட்சி. தோக்கியோவில் கட்டடங்கள் உயர உயர அதுவும் வளர வேண்டியதாயிற்று. 1984இல் 80 மீட்டர், 2016இல் 118.5 மீட்டர். அப்படியும் நம் இரட்டைக் கோபுரத்தின் (452 மீட்டர்) பக்கத்தில் நின்றால் கால்வாசிதான்! நெகிரி செம்பிலானுக்கு வந்தால், செம்பனை முள் குத்தி நொண்டிக்கொண்டே திரும்பிவிடும் என்கிறான் ஒருவன். தோட்ட எல்லையில் முனியாண்டி அரிவாளோடு நிற்கிறார், உள்ளே விடமாட்டார் என்கிறான் இன்னொருவன். 1971ஆம் ஆண்டுப் படத்தில் வாயால் நெருப்பைக் கக்கியபடி அது பின்பக்கமாகப் பறக்கிறதே, அதற்கு மட்டும் எங்களில் எவரிடமும் விளக்கம் இல்லை.

அது ஏன் திரும்பத் திரும்ப ஜப்பானையே மிதிக்கிறது? அணுகுண்டின் உருவம் என்பது எல்லாரும் அறிந்த விடை. 1954 மார்ச் 1இல் பிக்கினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்றின் மேல் விழுந்தது. அதே நவம்பரில் படம் வந்தது. ஆனால் ரசிகர்களிடம் வேறொரு விடையும் உண்டு. போரில் இறந்து வீடு திரும்பாதவர்களின் ஆவிகளே காட்ஸில்லா. சுசுகே கனேகோ இயக்கிய 2001ஆம் ஆண்டுப் படத்தில் இதுதான் கதையே. அதில் காட்ஸில்லாவுக்குக் கருவிழி கிடையாது, வெறும் வெள்ளைக் கண். பசிபிக் போரில் மாண்டவர்களின் ஆவிகள் அதற்குள் குடியிருக்கின்றன. மக்கள் அவர்களை மறந்துவிட்டதால்தான் வருகிறது.

மாண்டவர்கள் என்றால் எவர்? ஜப்பானியச் சிப்பாய்கள் மட்டுமா, அவர்களால் செத்த ஆசிய மக்களுமா? ரசிகர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். மறக்கப்பட்ட சிப்பாய்க்கும் கோபம் வரும் என்பது ஒரு வாதம். நான் அடுத்த கட்சி. ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் நம்மவர்களும் உண்டு.

இடைநிலைப்பள்ளியில் ஜப்பானியர் ஆட்சியைத் தேர்வுக்காகப் படித்தேன். சயாம் என்ற சொல்லை முதலில் கேட்டது பாட்டியிடம்தான். "சயாமுக்குப் போனவர்" என்றால் அவர் பேச்சில் திரும்பி வராதவர் என்று பொருள். 1942-43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியும் அவர்களைத் தின்றன. நம் தம்பினிலிருந்து மலாக்கா போன தண்டவாளத்தையும் அந்தப் பாதைக்காகவே பெயர்த்தார்கள். ஆளும் போனான், தண்டவாளமும் போயிற்று.

ஆகவே முனியாண்டி நண்பனிடம் கேட்டேன்: உள்ளே இருப்பது நம் லயத்து ஆட்கள் என்றால் அவர் வழிவிடுவாரா, மாட்டாரா? வழக்கமாக உடனே பதில் சொல்பவன், அன்று சொல்லவில்லை.

போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோர் பெயரில்லாமல் காட்டில் கிடக்கிறார்கள். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதினார். நம் விடுதி அறைகளில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்? காட்ஸில்லா எந்தப் படத்தில் எத்தனை மீட்டர் என்று நமக்கு மனப்பாடம். நம் தோட்டத்திலிருந்து சயாம் போனவர் ஒருவரின் பெயராவது தெரியுமா? ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத்துத் தோழர்கள் இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு குறிப்புப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். பெயர் சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.