பாட்டியின் படத்துக்கு ஸ்டுடியோ எதற்கு?

நம் வீடுகளில் பெரியவர் யாராவது போய்விட்டால், மாலை போட ஒரு நல்ல படம் இருப்பதில்லை. வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டுகிறோம். இருக்கும்போதே எடுக்கலாமே என்றால், "லைட் செலவு யார் பார்ப்பது?" என்கிறார்கள். பி.காம் மாணவன் கணக்கில் சொல்கிறேன், இதற்கு முதலீடே வேண்டாம்.

நந்தனத்தின் சின்ன வீட்டிலும் ஒரு ஜன்னல் இருக்கும். அதன் பக்கவாட்டில் பாட்டியை உட்கார வையுங்கள். நேர் வெயில் அடித்தால் ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். முகத்தின் மறுபக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு நிற ஒளி கலந்துவிடும். ஒளி வரும் பரப்பு பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் நிழல் மென்மையாகும். அட்டையை எடுத்தால் பாதி முகம் இருண்டு, சுருக்கங்கள் எடுப்பாகத் தெரியும். அவ்வளவுதான் வித்தை.

1956-ல் வந்த 'அபராஜிதோ'வில் சுப்ரதா மித்ரா செய்ததும் இதன் அண்ணன்தான். ஸ்டுடியோவில் போட்ட காசி வீட்டு முற்றத்துக்கு மேல் வெள்ளைத் துணி கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்ப வைத்தார். பகல் வெளிச்சம் போலவே இருந்தது.

வேட்டி நம் வீட்டிலும் இருக்கிறது நண்பர்களே. இந்த ஞாயிறே எடுத்துவிடுங்கள்.