எண்ணெய் கேளாத எருதுகள்

வன்னிப் பெருநிலத்தின் செல்வம் யாதெனக் கேட்டால் குளம், காடு, வயல் என்று மூன்றைச் சொல்வோர் பலர். அம்மூன்றையும் பிணைத்து நின்ற நான்காவது செல்வமாகிய மாட்டைச் சொல்வோர் இன்று அருகி வருகின்றனர். இரணைமடுவின் கீழும் வவுனிக்குளத்தின் கீழும் வயலை உழுததும், சேற்றை மிதித்துப் பதப்படுத்தியதும், களத்திலே சூடு மிதித்ததும், நெல் மூடையை வண்டிலில் வீடு சேர்த்ததும் எருதும் எருமையுமே. அவ்வேலைகளிற் பெரும்பாலானவற்றை இன்று இயந்திரம் செய்கின்றது. மாடு பாலுக்கும் இறைச்சிக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றி வருகின்றது. அது தவறான எண்ணம் மட்டுமன்று, ஆபத்தான எண்ணமுமாகும்.

நாம் இயந்திரத்தின் பகைவரல்லர். மழை தொடங்கியதும் காலபோக விதைப்பை விரைந்து முடிக்க வேண்டிய கமக்காரனுக்கு உழவு இயந்திரம் பெருந்துணை. ஒரு சோடி எருதுகள் பகல் முழுவதும் உழும் நிலத்தை அது ஒரு மணி நேரத்திற்குள் உழுதுவிடும். பத்து ஏக்கர் வயலையும் ஏர் பூட்டியே உழவேண்டுமென்று எவரிடமும் நாம் சொல்லவில்லை. இயந்திரம் வந்துவிட்டதென்பதற்காக எருதை அடியோடு கைவிடுவது அறிவுடைமையாகுமா என்றே கேட்கின்றோம்.

எண்ணெய் எங்கிருந்து வருகின்றது? கடல் கடந்து வருகின்றது. அதனைத் திறந்துவிடும் கையும் மூடிவிடும் கையும் நம்முடையவை அல்ல. 1990களிற் பொருளாதாரத் தடை வன்னியை வாட்டியபோது எரிபொருள் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அன்று நெல்லையும் விறகையும் சுமந்து உதவியது மாட்டுவண்டில். அந்நினைவு மாறுமுன்னரே, 2022இல் நாட்டின் கையிருப்பில் டொலர் வற்றியது. அவ்வாண்டு யூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் விற்பதையே அரசாங்கம் நிறுத்தியது. கமக்காரர் கலனை ஏந்தி வரிசையில் நின்றனர். அதற்கு முந்திய ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே ஆணையால் தடுக்கப்பட்டது. பட்டியுள்ள வீட்டில் அன்று எருவாவது இருந்தது. பட்டியற்ற வீட்டில் அதுவுமில்லை. ஒருமுறை போரினால், மறுமுறை கடனினால். காரணம் வேறாயினும் பாடம் ஒன்றே. தன் முற்றத்திலே தனக்கென ஒரு பலத்தை வைத்திருப்பவனை எந்தத் தடையும் முற்றாக முடக்கிவிட முடியாது.

எருதுக்கேற்ற வேலை இன்றும் நிறையவுண்டு. கச்சானும் உழுந்தும் பயறும் விளையும் மேட்டு நிலத்துச் சிறு துண்டுகளில் எருது திரும்பும் மூலையிலே பெரிய இயந்திரம் திரும்பாது. எரு, வைக்கோல், விறகு ஆகியவற்றைக் குறுந்தூரம் ஏற்றுவதற்கு ஒரு வண்டில் போதும். பார இயந்திரத்தின் சில்லுகள் ஈரமண்ணை இறுக்குகின்றன. எருதோ வைக்கோலைத் தின்று எருவைத் தருகின்றது. நாம் செய்வது யாது? அறுவடை இயந்திரம் சிதறிச் சென்ற வைக்கோலுக்கு வயலிலேயே தீ மூட்டுகின்றோம். பின்னர் பசளை வாங்கக் கடன்படுகின்றோம்!

இதனைப் பிற்போக்கென்று நகைக்கும் கற்றவர்கள் மேல்நாடுகளைப் பார்க்கட்டும். பிரான்சின் பேர்கண்டிப் பகுதியில் விலையுயர்ந்த திராட்சைத் தோட்டங்கள் சிலவற்றை, மண் இறுகாதிருக்கும் பொருட்டு, மீண்டும் குதிரை பூட்டி உழுகின்றனர். யேர்மனியின் காடுகளில் வெட்டிய மரத்தை இழுக்கக் குதிரைகளைப் பயன்படுத்துவோர் இன்னும் உளர். 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்து எண்ணெய் வரவு குன்றியபோது, கியூபா எருதுகளைப் பழக்கி உழவுக்கு இறக்கியது. குதிரையென்றதும் நமக்கு நெடுந்தீவில் கட்டின்றித் திரியும் குதிரைகளே நினைவுக்கு வரும். வன்னியின் உழைப்புக் குதிரை எருதுதான்.

அந்த எருது வாழ இடம் எங்கே? முன்னர் வயல் விதைக்கப்பட்டதும் பட்டிகள் காட்டோரத்திற்கும் குளத்தின் அலைகரைக்கும் சென்றன. அறுவடை முடிந்ததும் அரிதாளை மேய மீண்டன. இன்று காட்டோரத்திலே வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கின்றது. அலைகரையிலே பயிர் நிற்கின்றது. நடுவில் அகப்பட்ட மாடு கண்டி வீதியிலும் புகையிரதப் பாதையிலும் அடிபட்டுச் சாகின்றது. வயற்காரனும் பட்டிக்காரனும் ஒருவரையொருவர் குறை கூறிப் பொலிசுக்குப் போகின்றனர். இருவரும் ஒரே அநீதியால் வருந்துபவர்களே என்பதை அவர்கள் உணர வேண்டும்.

ஆகவே, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் ஒவ்வொரு பிரதேச செயலாளர் பிரிவிலும் மேய்ச்சல் தரை அளந்து ஒதுக்கப்பட்டு, வர்த்தமானியிற் பிரகடனஞ் செய்யப்படல் வேண்டும். கால்நடை அபிவிருத்தியென்றால் பாற்பசு மட்டுமே என்ற நிலை மாறி, வெயிலையும் வறட்சியையும் தாங்கும் நாட்டு மாடு பேணப்படல் வேண்டும். நாம்பனை நுகத்திற்குப் பழக்கும் முதியோரும் வண்டில் செய்யும் தச்சரும் மறையுமுன், அவர்தம் கைத்திறன் இளைஞரிடம் சேர வேண்டும்.

இவற்றை அரசாங்கத்திடம் மட்டும் கேட்டு அமைவது போதாது. நில அளவையாளரும் சட்டத்தரணிகளும் மிருக வைத்தியர்களும் தத்தம் ஊர்க் கமக்காரரோடு அமர்ந்து இக்கோரிக்கையை ஆதாரத்தோடு எழுதிக் கொடுக்கட்டும். கமக்காரர் நல்ல நாம்பன் கன்றுகளை இறைச்சிக்கு விற்காது, நான்கு வீட்டுக்கொரு சோடியாவது வளர்க்கட்டும். சவாரித் திடலிலே வெற்றி மாட்டைக் கொண்டாடும் இளைஞர், ஆணி பதித்த தடியை எறிந்துவிட்டு அதனை ஓட்டட்டும்.

ஆண்டுதோறும் பட்டிப்பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, மாலை சூட்டி, பொங்கலூட்டி வணங்குகின்றோம். மறுநாள் அம்மாடு மேய்வதற்கு ஒரு புற்றரையில்லையேல் அவ்வணக்கத்தின் பொருள் யாது? மாலையோடு மேய்ச்சல் தரையையும் மாட்டுக்கு உரித்தாக்குவோம். எருது வாழ்ந்தால் சிறு கமக்காரன் பிறர் கையை எதிர்பாராது நிமிர்ந்து நிற்பான்.