முதலில் வந்தவளுக்குக் கோப்பை இல்லை!

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைக்கக்கூட எனக்கு அவகாசம் கொடுக்காமல் எதிர்வீட்டு மாமி உள்ளே நுழைந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நீ பத்திரிகையிலே எழுதறவளாச்சே, நீயே நியாயத்தைச் சொல்லும்மா. படகுப் பந்தயம் ஆறு விட்டாளாம். எங்க பேத்தி ரெண்டிலே முதலா வந்திருக்கா. ஒண்ணிலேகூட முதலா வராத பொண்ணு கையிலே கோப்பையைத் தூக்கிக் கொடுத்துட்டா! இது என்ன அக்கிரமம்?"

பின்னாலேயே பேத்தியும் வந்தாள். 13 வயது. உப்புக் காற்றில் தலை பரட்டையாகிக் கிடந்தது. "கணக்கு சரிதான் அக்கா. பாட்டிக்குத்தான் புரியலே" என்று சிரித்தாள்.

வாசகியரே, உண்மையைச் சொன்னால் எனக்கும் புரியவில்லைதான். பாய்மரப் படகுப் பந்தயம் என்றால் காற்றடித்த பக்கம் போவது, முதலில் வந்தவர் பரிசு வாங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். அன்று இரவு அந்தப் பெண்ணின் விதிப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். வேர்ல்டு ஸெயிலிங் என்ற உலகச் சம்மேளனம் நான்கு வருஷத்துக்கு ஒரு முறை திருத்தி வெளியிடும் புத்தகம் அது. சமையல் குறிப்பைவிட சுவாரஸ்யமாக இருந்தது!

அவள் ஓட்டுவது 'ஆப்டிமிஸ்ட்' என்ற குட்டிப் படகு. ஏழரை அடிக்குச் சற்று அதிகமான நீளம். பார்த்தால் குளிக்கும் தொட்டிக்குப் பாய் கட்டியதுபோல் இருக்கும். 1947-இல் அமெரிக்காவின் ஃப்ளாரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர், அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்காக இரண்டே பிளைவுட் பலகைகளில் செய்துவிடும்படி இதை வரைந்தார். 15 வயது வரை உள்ளவர்கள்தான் பந்தயத்தில் ஓட்டலாம். உயிர்காப்புச் சட்டை மாட்டிக் கொள்ளாமல் படகில் கால் வைக்கக் கூடாது.

முதல் வேடிக்கை, பந்தயம் கிளம்பும் விதம். ஓட்டப் பந்தயத்தில் கோட்டின்மேல் நிற்பதுபோல் படகை நிற்க வைக்க முடியுமா? அதனால் அதிகாரிகளின் படகுக்கும் ஒரு மிதவைக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு. கிளம்ப 5 நிமிஷம் இருக்கும்போது ஒரு கொடி ஏறும், ஊதல் ஒலிக்கும். 4 நிமிஷம் இருக்கும்போது இன்னொரு கொடி. 1 நிமிஷத்தில் அது இறங்கிவிடும். கடைசியில் முதல் கொடியும் இறங்கினால் 'போ!' என்று அர்த்தம். அதுவரை எல்லோரும் கோட்டுக்குப் பின்னால், பால் பூத்தில் வரிசை பிடிக்கிறவர்களைப்போல் முட்டி மோதிக்கொண்டு திரிய வேண்டும். ஒரு விநாடி முந்தி மூக்கை நீட்டிவிட்டால், வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட கொடி ஒன்று ஏறும். முந்தியவர் திரும்பிப் போய், கோட்டுக்குப் பின்னாலிருந்து மறுபடி கிளம்ப வேண்டும். போகாவிட்டால் அந்தப் பந்தயமே போச்சு.

நம் பேத்தி ஆறாவது பந்தயத்தில் அந்தக் கொடியைப் பார்க்கவில்லை.

இனி கணக்கு. இங்கே மார்க் குறைந்தவர்தான் ஜயிப்பார். முதலில் வந்தால் 1, இரண்டாவது வந்தால் 2, இப்படியே. தகுதி இழந்தால், மொத்தப் படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி அபராதம். 12 படகுகள் வந்திருந்தன, ஆகவே 13. ஆறு பந்தயத்தில் யாருக்கும் மிக மோசமான ஒன்றை மட்டும் தள்ளிவிடுவார்கள். பேத்தியின் எண்கள்: 1, 1, 13, 5, 4, 13. ஒரு 13-ஐத் தள்ளினால் 24. கோப்பை வாங்கிய பெண்ணுக்கு 3, 4, 2, 3, 5, 3. அந்த 5-ஐத் தள்ளினால் 15. ஒரு நாளும் முதலாக வராமல், ஒரு நாளும் சறுக்காமல், மாதச் செலவை இழுத்துப் பிடிக்கும் குடும்பத்தலைவிபோல் வந்திருக்கிறாள்!

சரி, மூன்றாவது பந்தயத்து 13 ஏன்? நீர்மேல் போகும் சாலை விதி அது. எதிரெதிரே இரண்டு படகுகள் வந்தால், காற்றை வலது பக்கத்திலிருந்து வாங்கும் படகுக்கே வழி. இடது பக்கம் வாங்குவது ஒதுங்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் வாங்கினால், காற்று முதலில் படும் படகு மற்றதற்கு வழி விட வேண்டும். பேத்தி இடது பக்கம். 'தாராளமாகத் தாண்டிவிடலாம்' என்று நினைத்தாள். அந்தப் பெண்ணோ சுக்கானைத் திருப்பித்தான் தப்பினாள், உடனே "ப்ரொடெஸ்ட்!" என்று கத்தினாள். குற்றத்தை அங்கேயே ஒப்புக்கொண்டு படகை இரண்டு முழுச் சுற்று சுற்றியிருந்தால் பந்தயத்தைத் தொடர்ந்திருக்கலாம். இவள் சுற்றவில்லை. கரைக்கு வந்ததும் அந்தப் பெண் எழுதிக் கொடுத்தாள். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, மேஜைமேல் பொம்மைப் படகுகளை நகர்த்திக் காட்டச் சொல்லி, சாட்சியையும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். நம் தெருக் குழாயடிச் சண்டைகளுக்கும் இப்படி ஒரு மேஜையும் நாலு பொம்மைக் குடமும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மாமிக்கு இதெல்லாம்கூடப் பெரிதில்லை. நாலாவது பந்தயம்தான் அவள் வயிற்றெரிச்சல். இரண்டாவதாக வந்துகொண்டிருந்த பேத்தி, திருப்பத்து மிதவையை லேசாக உரசிவிட்டாள். உரசினால் ஒரு சுற்று அபராதம். தானாகவே ஒதுங்கிச் சுற்றினாள். அதற்குள் மூன்று பேர் தாண்டிவிட்டார்கள்.

"யாராவது பார்த்தாளா? பார்க்கலையே! எதுக்குடி சுத்தினே?"

"நான் பார்த்தேனே பாட்டி" என்றாள் அந்தப் பெண்.

கடலில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு நடுவர் போக முடியாது. தப்புச் செய்தவரே தண்டனை ஏற்பார் என்ற நம்பிக்கையின்மேல்தான் இந்தப் புத்தகம் முழுதும் நிற்கிறது. அதில் முதல் விதி எது தெரியுமா? வேகமோ வெற்றியோ அல்ல. ஆபத்திலிருப்பவருக்கு முடிந்த உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்பது. 1988 ஸியோல் ஒலிம்பிக்ஸில், செப்டம்பர் 24-ஆம் தேதி, பூஸான் கடலில் கனடாவின் லாரன்ஸ் லெமியூ இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தார். பலத்த காற்றில் வேறொரு பந்தயத்துப் படகு கவிழ்ந்து, ஸிங்கப்பூர்க்காரர் இருவர் தண்ணீரில் தத்தளிப்பதைக் கண்டார். பந்தயத்தை விட்டு அவர்களை நோக்கித் திருப்பினார். இருவரையும் காப்பாற்றி, கொரியக் கடற்படைப் படகில் ஒப்படைத்த பிறகு 22-ஆவதாக முடித்தார். நடுவர்கள் அந்தப் பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கும் விதியில் இடம் உண்டு. மொத்தத்தில் 11-ஆவதாக வந்தவருக்கு பியர் டி கூபர்டின் பதக்கமும் கிடைத்தது.

இந்தக் கதையைச் சொன்னதும் மாமி கொஞ்சம் இறங்கி வந்தாள். நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன், 2021-இல் படகோட்டத்தில் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்று சேர்த்துச் சொன்னேன். இன்னும் இறங்கினாள். பிறகு பேனாவை வாங்கி நானே ஒரு கணக்குப் போட்டேன். அந்த ஆறாவது பந்தயத்தில் கொடியைப் பார்த்துத் திரும்பிப் போய், நாலாவதாக வந்திருந்தால்கூட இவளுக்கும் 15. சமமானால் யாருடைய சிறந்த இடங்கள் மேலானவை என்று பார்ப்பார்கள். இரண்டு முதல் இடம் இவளுக்குத்தானே!

மாமி துள்ளி எழுந்தாள். "அந்தக் கொடி என்ன கலர்னு சொன்னே? அடுத்த தடவை நானே வந்து கரையிலே நின்னுண்டு, 'கொடி ஏறிடுத்துடீ'ன்னு கத்தறேன்!"

"அது முடியாது பாட்டி" என்றாள் பேத்தி, ஈரச் சட்டையைப் பையிலிருந்து எடுத்து உதறிக்கொண்டே. "வெளி ஆள் உதவி கூடாதுன்னு அதுக்கும் ஒரு விதி இருக்கு."